வைரவர் கோயில் ஐயரின் சாட்சியம்

ஹம்பேர்க்கின் ஓரத்தில், ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த வைரவர் கோயிலுக்குக் கீர்த்தனக் குருக்களை யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்தவர் தலைவர் இராசலிங்கம். விமான நிலையத்தில் மாலை போட்டார். அந்தக் கையோடு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்.

"என்னட்டைப் பத்திரமா இருக்கும் ஐயா."

காலைப் பூசை முடிந்ததும் குருக்கள் இராசலிங்கத்தின் கேட்டரிங் சமையலறைக்குப் போய் நிற்க வேண்டும். தேங்காய் துருவலில் தொடங்கிய வேலை, ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுருட்டுவதில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத மனிதர். சம்பளம் கேட்டால், "வைரவருக்குச் செய்யிற தொண்டுக்குச் சம்பளமோ?" என்பார் தலைவர்.

"வைரவர் எப்ப ரோல்ஸ் கேட்டவர்?" என்று ஒருநாள் குருக்கள் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருடைய அறை வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

கள்ள வேலை பிடிக்கும் சுங்க அதிகாரிகள் திடீரென்று வந்து நின்றபோது, அவர் பூணூலும் இறைச்சிக் கையுமாக இருந்தார்.

உதவி நிலையத்து ஆலோசகர் ஆதிரை விளங்கப்படுத்தினார். "நீங்கள் பாதிக்கப்பட்ட ஆள் ஐயா. பொலிசிலயும் கோட்டிலயும் உள்ளதைச் சொன்னா, வழக்கு முடியுமட்டும் இஞ்ச இருக்க விசா தருவினம்."

"முடிஞ்சாப் பிறகு?"

"அதுக்கு வேற அன்ட்ராக், விண்ணப்பம், போடவேணும். கிடைக்குமோ எண்டு இப்ப சொல்ல ஏலாது."

குருக்கள் பொலிசில் ஒன்றும் விடாமல் சொன்னார். காட்டிக்கொடுத்தவர் என்றது சனம். வழக்கு நெருங்கியபோது இராசலிங்கத்துக்கு நெஞ்சுவலி வந்தது, விசாரணை தள்ளிப்போனது. தலைவர் செத்தால் வழக்கும் செத்துவிடும், விசாவும் கூடவே போகும் என்பது குருக்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் இராசலிங்கத்தின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்தார். வேறு எவருக்காகவும் அவர் இப்படி மனமுருகியதில்லை.

"ஆளைச் சாகடிக்கப் பூசை செய்யிறியளாம் எண்டு சனம் கதைக்குது," என்றார் ஆதிரை.

"தீர்ப்பு வருமட்டும் அவர் நல்லா இருக்கவேணும் பிள்ளை."

"பிறகு?"

"பிறகு அவரின்ர பாடு."

இராசலிங்கம் தேறினார். ரோல்ஸில் என்ன கொடுமை என்பது நீதிபதிக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் விளக்கிய பிறகும் விளங்கவில்லை. பூட்டும் பாஸ்போர்ட்டும் நன்றாக விளங்கின. தலைவர் சிறைக்குப் போனார். ஊரில் அவருடைய ஆட்களால் ஆபத்து என்று ஆதிரை எழுதிய அன்ட்ராக்கில் குருக்களின் விசா நீண்டது.

இப்போது அவர் பஸ் ஓட்டப் பழகுகிறார். போன கிழமை இராசலிங்கத்தின் மனைவி பிறேமா தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, அவருக்குச் சனி சரியில்லை. ஒரு சாந்தி செய்யவேணும். உங்களை விட்டா ஆளில்லை."



"ஞாயிற்றுக்கிழமை வாறன்," என்றார் குருக்கள். "முதல்ல ஒப்பந்தத்தை எழுதி ஆதிரைக்கு அனுப்புங்கோ."