முள் எடுத்த மீன்

கெசியாவுக்கு நாற்பது வயது நிறைந்த அன்று, மிஷன் பள்ளி ஆசிரியரான அவள் கணவர் சத்தியநேசன், துரைமாரும் வக்கீல்மாரும் சாப்பிடும் ரயிலடி விடுதிக்கு அவளை அழைத்துப் போனார். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் போட்டு ரயிலில் வரும் மீன் அங்கே கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உண்பது அதுதான் முதல் தடவை. வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே அவள் உட்காருவாள்.

பட்லர் ஆளுக்கொரு முழு விளமீனை வைத்துவிட்டுப் போனார். கெசியா பழக்கத்தில் கணவரின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பதினெட்டு வருஷமாக அவருக்கு முள் எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

சத்தியநேசன் தட்டைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு ஒன் பொறந்தநாளு. ஒனக்கு நான் எடுத்துத் தாரேன்."

"ஒங்களுக்கு வராது. எல்லாரும் பாக்குதாவ."

"பாத்துட்டுப் போட்டும்."

அவளுடைய தட்டை வாங்கி, கத்தியையும் கரண்டியையும் ஒதுக்கிவிட்டு, கையாலேயே பிய்க்கத் தொடங்கினார். மேசைத் துணியெல்லாம் மீன் சிதறியது. பக்கத்து மேசை வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். கெசியாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும்போதுகூட அவர் இவ்வளவு கவனமாகக் குனிந்து அவள் பார்த்ததில்லை.

ஒருவழியாகத் தட்டு அவள் முன் வந்தபோது மீன் ஆறிப்போயிருந்தது. முதல் வாயிலேயே நாக்கில் ஒரு முள் தட்டுப்பட்டது.

"முள்ளு இருக்கா?" என்று பதறினார்.

"ஒண்ணுதான். நல்லாத்தான் எடுத்திருக்கிய," என்றாள். முள்ளைத் தட்டோரம் வைத்துவிட்டு, அவர் தொடங்கட்டும் என்று காத்திராமல் பசியோடு சாப்பிட்டாள்.