வெறும் கண்ணாடிக்கு ஏது ஒளி

ராணியம்மாளுக்கு டிபி இல்லை என்று லேப் டெக்னீஷியன் கல்பனா எழுதிக் கொடுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பெருநகர் கிராமத்து வீட்டில் மகள் பிரபா பிள்ளை பெற்று பன்னிரண்டு நாள். இருமல் என்னவென்று தெரியாமல் குழந்தை பக்கமே போகக் கூடாது என்று நர்ஸ் கறாராகச் சொன்னதால்தான், அம்மாவும் மகன் வசந்த்குமாரும் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சளி கொடுத்தார்கள். சீட்டு கைக்கு வந்ததும், பேத்தியைத் தூக்கும் ஆசையில் அந்த அம்மாள் பஸ் ஏறிவிட்டாள். மகனுக்குச் சளி வரவே தாமதமானதால், அவன் சளி தடவிய கண்ணாடி ஸ்லைடு இப்போதுதான் மைக்ராஸ்கோப்புக்கு வந்திருந்தது.

சாயம் ஏற்றிய சளியில் கிருமி இருந்தால், நீல வெளிச்சத்தில், கறுப்புக்கு நடுவே மெல்லிய மஞ்சள் கீற்றாய் மின்னும். சாதாரண வெளிச்சத்தில் பார்க்கும் பழைய மெஷினுக்குத் தப்பிய கிருமிகூட இதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் கல்பனாவுக்குக் கறுப்பே தெரியவில்லை. எங்கும் பச்சை மூட்டம். அம்மாவின் ஸ்லைடிலும் இதேதான். சாயம் சரியாகக் கழுவவில்லை போல என்று அலட்சியமாக விட்டிருந்தாள்.

"யக்கா, இன்னும் எவ்ளோ நேரம்? ரெண்டு மணி பஸ்ஸு பூடும்" என்றான் வசந்த்குமார், கதவருகே நின்று.

"கொஞ்சம் இரு தம்பி."

இல்லை என்று எழுதிவிடலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். எதற்கும் பார்ப்போமே என்று, ஒன்றும் தடவாத புதுக் கண்ணாடியை வைத்தாள். அதுவும் ஒளிர்ந்தது. வெறும் கண்ணாடிக்கு ஏது ஒளி?

லென்ஸைக் கழற்றி நீல வெளிச்சத்தில் பிடித்தாள். முகப்பு முழுக்கப் பச்சைத் தீற்றல். ஆயுத பூஜைக்கு மஞ்சள் குழைத்து, கத்தரிக்கோல் முதல் மைக்ராஸ்கோப் வரை பூசிப் பொட்டு வைத்தவள் அவளேதான். இன்று காலை அதைத் துடைத்த துணியாலேயே லென்ஸையும் ஒரு இழுப்பு இழுத்திருந்தாள். மஞ்சள் இந்த வெளிச்சத்தில் தானாகவே ஒளிரும் என்பது படித்த சங்கதிதான். சாமி கும்பிடும்போது யாருக்கு அது ஞாபகம் வரும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஸ்பிரிட் தொட்டு, லென்ஸ் பேப்பரால் மூன்று முறை துடைத்தாள். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று உட்கார்ந்தாள். அந்த ஐந்து நிமிடம் நகரவே இல்லை. வெறும் கண்ணாடி இப்போது கும்மிருட்டாய் இருந்தது. மகனுடையதை அப்புறம் பார்க்கலாம் என்று, பெட்டியிலிருந்து அம்மாவின் ஸ்லைடை எடுத்து வைத்தாள்.

இருந்தது. ஒன்று, இரண்டு, அந்த ஓரத்தில் ஒரு கொத்து.

வெளியே வந்து, "அம்மாவுக்குப் போன் போடு தம்பி. உடனே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவன் போனை எடுத்து அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னாடா? புள்ளைய குளிப்பாட்டி மடியில போட்டுக்கினு கீறேன்." பேச்சோடு இருமலும் வந்தது. கல்பனா போனை வாங்கினாள்.

"ராணியம்மா, நான் லேப் கல்பனா பேசுறேன். பாப்பாவை பிரபாகிட்ட குடுத்துட்டு வெளியில வந்துடுங்க. உங்களுக்கு டிபி இருக்குது. நான்தான் தப்பா பார்த்துட்டேன்."

குழந்தைக்கும் தடுப்பு மருந்து உண்டு, இன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள் என்று கல்பனா சொல்லிக்கொண்டே போனாள். யாரோ குழந்தையை வாங்கிக்கொள்ளும் சத்தமும், அது அழுவதும் கேட்டது.

"இல்லன்னு நீதான எய்திக் குடுத்த" என்றாள் ராணியம்மாள், மெதுவாக. "வாயோட வாய் வச்சு முத்தம் குடுத்துட்டனேம்மா."