மேல்வீட்டு ரயில்

“அண்ணி, சுத்தியல் எங்க இருக்கு?” என்று கொழுந்தன் வந்து கேட்டபோது, அவள் கணவரின் இடது காலுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் முடிந்துவிட்டது. கோடையிலும் காலுறை இல்லாமல் தூங்காத மனிதர். இறந்துபோனவருக்கு இனிமேல் என்ன குளிரப்போகிறது என்று நாத்தனார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“சுத்தியல் எதுக்கு?”

“மாடி வீட்டுப் பூட்டை உடைச்சிடலாம்னு. வெளியூர்லேர்ந்து வர்றவங்க எங்க உக்காருவாங்க? சுடுகாட்டு வண்டி வர நாலு மணி ஆகும். ஆறு மாசமா அது சும்மாதானே பூட்டிக் கிடக்கு.”

“அவர் உடைக்க வேண்டாம்னு சொல்லியிருந்தாரே.”

“அண்ணன் சொன்னார், சரி. இப்ப நீங்கதானே சொல்லணும்.”

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டில் அவள் சொல்லி எதுவும் நடந்ததில்லை. முதல் தடவையாக அவளைக் கேட்கிறார்கள், அதுவும் இந்தப் பூட்டைப் பற்றி.

அவர் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர். ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வந்து படுப்பார். பகலெல்லாம் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவள் பாத்திரங்களைத் துணி விரித்துத்தான் வைப்பாள். குதிகால் தரையில் படாமல் நடந்து நடந்து அதுவே அவள் நடையாகிவிட்டது. பிள்ளையும் பிறக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குத் தூக்கம் பகலில்தான் வந்தது.

அப்படிப்பட்ட வீட்டு மாடிக்குத்தான் ஒரு வேன் டிரைவர் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு குடி வந்தான். அவன் மனைவி துணிக்கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் குழந்தை ஓட ஆரம்பிக்கும். கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு. “வந்துட்டுதய்யா மேல்வீட்டு ரயில்” என்று இவர் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மாடி ஏறிப் போய், “குழந்தையைக் கட்டிப் போடுங்க, இல்லேன்னா வேற வீடு பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரமே ரயில் நின்றுபோனது.

நின்றபிறகு அவருக்குச் சுத்தமாகத் தூக்கம் போயிற்று. மூன்று மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். “நிஜமாவே கட்டிப் போட்டுட்டாங்களா?” என்றார் ஒருநாள். இன்னொரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீ போய்ச் சொல்லேன், ஓடட்டும்னு” என்றார்.

“சொன்னது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அந்தக் காலடிச் சத்தத்துக்கு அவளும் ஏங்கித்தான் கிடந்தாள். ஆனாலும் முப்பத்திரண்டு வருஷம் மூச்சைப் பிடித்தவளுக்கு அன்றைக்கு ஒரு வீம்பு. அவருக்கு வீம்பு இறங்க இரண்டு மாதம் பிடித்தது. ஏறிப் போனபோது கதவில் பூட்டு தொங்கியது.

ஒரு வாரம் தொங்கியது, ஒரு மாதம் தொங்கியது. டிரைவரின் போன் அணைந்து கிடந்தது, மின்சார மீட்டர் ஓடவில்லை, கதவிடுக்கில் தபால்கள் சேர்ந்தன. பழைய சிநேகிதரான வக்கீலிடம் போனார்கள். வக்கீல் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அவசரப்பட்டுப் பூட்டில் கை வைக்கக் கூடாது. வேலை பார்த்த இடத்தில் விசாரிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், கதவில் ஒரு நோட்டீஸ். பதினைந்து நாள் அவகாசம். அதற்கப்புறம் இரண்டு சாட்சிகளை வைத்துத் திறந்து, கிடக்கிற சாமானைப் பட்டியல் எழுதி, பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இவர் எல்லாம் சொன்னபடி செய்தார். ஆனால் பதினாலாம் நாள் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, புதுத் தேதி போட்டு இன்னொன்று ஒட்டினார். அது முடிவதற்குள் இன்னொன்று. பசை காய்ச்சிக் கொடுத்தவள் அவள்தான். எதற்கு இதெல்லாம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் அவர்கள் போனது போனதுதான் என்றாகிவிடும். அது அவளுக்கும் தெரியும்.

வக்கீல் இப்போது கூடத்தில், பிணத்தின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் மாடிக்குப் போய் நோட்டீஸில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு வந்தான்.

“போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருச்சு சார்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “திறக்கலாம்மா, சட்டப்படி தப்பில்ல. நான் ஒரு சாட்சி, உங்க கொழுந்தன் ஒரு சாட்சி. திறந்தே ஆகணும்னும் கட்டாயம் இல்ல. உங்க இஷ்டம்.”

அவள் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். அந்தக் குழந்தையைக் கட்டிப் போட்டார்களா இல்லையா என்பது தெரியாமலே இவர் போய்விட்டார். தனக்காவது தெரிந்தாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“அலமாரிக்குக் கீழ இருக்கு சுத்தியல்,” என்றாள். “நானும் வர்றேன்.”

மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே கால் வைத்த கொழுந்தன், “என்ன இது, மெத்துனு இருக்கு” என்று பின்வாங்கினான்.

தரையே தெரியவில்லை. சுவருக்குச் சுவர் துணிதான். அடியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் பழைய மெத்தை, போர்வை, கிழிந்த திரைச்சீலை, சாயம் போன டிரைவர் சட்டைகள். எல்லாவற்றையும் பட்டன் தைக்கிற தடித்த நூலால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தார்கள். எத்தனை நாள் வேலையோ. கதவிலிருந்து ஜன்னல்வரை, ஒரு முழ அகலத்துக்குப் பஞ்சு அமுங்கி, துணி நைந்து, ஒரு தடம் விழுந்திருந்தது.

அவள் குனிந்து அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தாள். கட்டிப் போடவில்லை. குழந்தை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கீழே அவர் விட்டத்தைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த அந்த இரண்டு மாதமும், அவர் தலைக்கு மேலேயே ஓடியிருக்கிறது. இரண்டு நாளைக்கு முன்னால் இது தெரிந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

“எழுதுங்க தம்பி,” என்றார் வக்கீல். “பழைய மெத்தை ஒண்ணு. இல்ல, ரெண்டு. போர்வை...” எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பிக்கிறது என்று புரியாமல் திணறினார். “மொத்தமா ஒரே உருப்படின்னு போட்டுக்குங்க.” பிறகு அவளிடம் திரும்பினார். “இத்தனை பாடுபட்டவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்கம்மா. எங்கயோ வேலை கிடைச்சிருக்கும், அவசரமா போயிருப்பாங்க.”

“போறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“பகல்ல போயிருப்பாங்க. அவரை எழுப்பப் பயந்திருப்பாங்க.”

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. “சீக்கிரமே வந்துட்டான். வாங்க அண்ணி,” என்றான் கொழுந்தன்.

“நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இதோ வர்றேன்.”

அவர்கள் இறங்கிப் போனதும் அவள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நல்ல கனம். மண்டியிட்டு, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி, அட்டைகளையும் சேர்த்துச் சுவரோரம் தள்ளினாள். சிமென்ட் தரை வந்தது. இதற்கு நேர் கீழேதான் கூடத்தில் அவர் கிடக்கிற கட்டில்.

கதவருகில் வந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குதிகாலை நன்றாக ஊன்றி ஜன்னலைப் பார்த்து ஓடினாள்.

கீழே நாத்தனாரின் குரல் கேட்டது. “மேல யாரு இப்படி ஓடறது?”

அவள் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி, இன்னும் பலமாக ஓடினாள்.