பூச்சரிவில் சொன்னது

பஸ் அவர்களை வளைவில் இறக்கிவிட்டுப் போனது. சரிவு முழுக்கக் காட்டுப்பூ. ஊதா, மஞ்சள், இடையிடையே பொடிப்பொடியாக வெள்ளை. அழகாகத்தான் இருக்கிறது என்று சித்தி நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

கோடை விடுமுறைக்குப் பூப் பார்க்க என்று அக்காவின் பிள்ளைகளைக் கூட்டிவந்தவளுக்கு வேலை ஒன்றுதான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள், அம்மா பிழைக்கமாட்டாள் என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அக்காவே கேட்டுக்கொண்டது. அத்தான் இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததோடு முடிந்தது.

ஏழு வயது வாண்டு தரையில் குப்புறப் படுத்துப் பூவோடு மூக்கை உரசினான்.

"சித்தி, இதுக்குப் பேரு என்ன?"

"தெரியலடா."

"அப்ப நானே வெக்கிறேன். இது குசும்புப் பூ. அந்த முள்ளு வெச்சது அக்கா பூ."

"வாலை ஒட்ட நறுக்கிடுவேன்," என்றாள் பெரியவள். அவளுக்குப் பதினொன்று. வந்ததிலிருந்து அவள் பூவைப் பார்க்கவில்லை, சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எப்ப வீட்டுக்கு வருவாங்க?"

"அதை டாக்டர் சொல்லுவாரு கண்ணு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினாலு வருஷமாக எக்ஸ்ரே அறையில் வேலை. படம் எடுப்பவள் படத்தில் என்ன தெரிகிறது என்று வாய் திறக்கக் கூடாது. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. அதற்கு மேல் யார் எதைக் கேட்டாலும் இந்த ஒரு பதில்தான். அக்காவின் நெஞ்சைப் படம் எடுத்ததும் அவள்தான். திரையில் அந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தவளிடம், பொத்தானைப் போட்டபடியே "எப்படிடி இருக்கு?" என்றாள் அக்கா. அப்போதும் இதையேதான் சொன்னாள்.

"அம்மாகிட்டயும் இப்படித்தான் சொன்னீங்களாமே," என்றாள் பெரியவள். "இங்க ஏது டாக்டரு?"

காற்று வந்தது. சரிவு மொத்தமும் சாய்ந்து நிமிர்ந்தது.

"வரமாட்டாங்க," என்றாள் சித்தி. "மருந்து கேக்கல. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் இருக்கிறதே கஷ்டம்."

வாண்டு படுத்தபடியே கேட்டான். "செத்துப்போயிடுவாங்களா?"

"ஆமா."

அடுத்தவர் வீட்டுச் சேதியைச் சொன்ன மாதிரி இருந்தது அவள் குரல். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் பெரியவள்.

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"தெரியும்."

"அப்ப எங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

சித்தி தலையாட்டினாள். வாண்டு எழுந்து தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். எப்போதும் உதறிவிடுகிறவள் இன்று உதறவில்லை.

"சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் அம்மா பக்கத்துல உக்காருவோம்," என்றாள் அவள். "நீங்க வெளியில இருங்க சித்தி."

"சரிம்மா."

பிள்ளைகள் முன்னால் இறங்கினார்கள். நாலடி தள்ளியே அவள் பின்னால் நடந்தாள்.