காலி நாற்காலி முன்னால் பட்டன்

லோரன் எழுந்து போனபோது அந்தச் சீட்டு மேஜையிலேயே பெரிய பந்தய வில்லைக் குவியல் அவர் முன்னால்தான் இருந்தது.

"வண்டிய கொஞ்சம் சூடு பண்ணி வச்சிட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொன்னார். தொப்பியைக் கழற்றி வில்லைகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். சீட்டு போட்டுக்கொண்டிருந்த டாம்சினின் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டு, பனி கொட்டும் தெருவுக்குள் போய்விட்டார்.

டாம்சின் அவருடைய மகள். பதினெட்டு முடிந்ததும் உரிமம் வாங்கி, மதுக்கடையின் பின்னறையில் சீட்டு போட வந்தவள். பெரிய ஊர்களில் அப்பன் ஆடும் மேஜையில் மகளை உட்காரவிட மாட்டார்கள். பியூட் மாதிரிச் சின்னச் சுரங்க ஊரில் சொந்தக்காரன் கூடாது என்று சட்டம் போட்டால் ஒரு மேஜைகூட நிரம்பாது. அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். அதிலும் அப்பா பேசுவது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

அன்று சனிக்கிழமைப் போட்டி. எல்லாருக்கும் ஒரே அளவு வில்லைகள். தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும். கடைசியில் மிஞ்சுபவர் ஜெயித்தவர். மேஜைமேல் பட்டன் என்று ஒரு வெள்ளை வட்டு இருக்கும். ஆட்டத்துக்கு ஒரு நாற்காலி வீதம் அது இடப்பக்கம் நகரும். பட்டனுக்கு அடுத்தவர் சின்ன பிளைண்ட், அவருக்கும் அடுத்தவர் பெரிய பிளைண்ட். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டியாக வேண்டிய பந்தயம் அது. ஆள் எழுந்து போனாலும் விடமாட்டார்கள். காலி நாற்காலிக்கும் சீட்டு விழும். முறை வந்தால் அந்தக் குவியலிலிருந்து சீட்டு போடுபவரே பிளைண்டை எடுத்து நடுவில் வைப்பார். ஆள் திரும்பியிருக்காவிட்டால் சீட்டை மூடியபடியே இழுத்துக்கொள்வார். குவியல் இருக்கும் வரை அந்த ஆள் ஆட்டத்தில் இருக்கிறார்.

முதல் சுற்று போனது. டாம்சின் அப்பாவின் பிளைண்டைத் தானே எடுத்து வைத்தாள், அவருக்குச் சீட்டு போட்டாள், தானே இழுத்துக்கொண்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். வந்தது குளிர்தான்.

"வண்டிய சூடு பண்றானா, இல்ல புதுசா ஒரு வண்டி செய்யறானா?" என்றார் பெரோ. லோரனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பழைய சுரங்கத் தொழிலாளி.

"நீ மட்டும் போன வாரம் கழிப்பறைக்குப் போய் அரை மணி நேரம் தூங்கலையா?" என்றாள் ஊனா. லோரனுக்கு வலப்பக்கத்து நாற்காலி அவளுடையது. சலவைக்கடை நடத்துபவள்.

"அது வயசு. இவனுக்கு என்ன கேடு?"

எல்லாரும் சிரித்தார்கள். டாம்சினும் சிரித்தாள். சிரிக்கும்போதே காலையில் பார்த்தது நினைவுக்கு வந்தது: வீட்டு வாசலை ஒட்டி விறகு, ஆள் உயரத்துக்கு, வசந்தம் வரைக்கும் போதும்படி அப்பா அடுக்கியிருந்தார். அப்பாவுக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது என்று அப்போது சந்தோஷப்பட்டாள்.

இடைவேளை விட்டதும் கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினாள். வண்டி நின்ற இடம் காலி. டயர் தடத்தின்மேல் பனி விழுந்து, தடம் பாதி மூடியிருந்தது. போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார்.

உள்ளே வந்து ஹெஸ்டரிடம் சொன்னாள். போட்டியை நடத்துபவள் ஹெஸ்டர். விதி என்றால் விதி என்று நிற்பவள்.

"எங்கயாவது பெட்ரோல் போடப் போயிருப்பாரு. தொப்பி இங்கதான இருக்கு?" என்றாள் ஹெஸ்டர்.

"இருக்கு."

"அப்புறம் என்ன? உங்கப்பா தலைய விட்டுட்டுப் போனாலும் போவாரு, தொப்பிய விட்டுட்டுப் போகமாட்டாரு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் டாம்சின். குளிக்கும்போது தவிர அந்தத் தொப்பியை அப்பா கழற்றி அவள் பார்த்ததில்லை. தொப்பி இருந்தால் அப்பா வருவார். வரும்போது ஆட அவருக்கு வில்லை இருக்க வேண்டும். அதை மட்டும் அவளால் பார்த்துக்கொள்ள முடியும்.

ஆனால் நேரம் ஆக ஆக பிளைண்ட் தொகை ஏறிக்கொண்டே போனது. குவியல் கையளவாகத் தேய்ந்து, பிறகு விரலளவாகத் தேய்ந்தது.

ஊனா பெரிய பிளைண்ட் கட்டிய ஆட்டம் முடிந்தது. பட்டனை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் அடுத்த பெரிய பிளைண்ட் அப்பாவுக்கு. டாம்சினின் கை பட்டன்வரை போய், அதைத் தொட்டு, அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியது. சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.

"பிளைண்ட் வைங்க" என்றாள்.

ஊனாவுக்கு வலப்பக்கம் இருந்த கோல்பி நிமிர்ந்தான். அவளைவிட நாலைந்து வயது மூத்தவன். மிசௌலா ஊரிலிருந்து போட்டிக்காகவே வந்தவன். "ஏய், சின்ன பிளைண்ட் இப்பதான வச்சேன். பட்டன் நகரவே இல்லையே."

ஊனா தொப்பியைப் பார்த்தாள். டாம்சினைப் பார்த்தாள். பெரிய பிளைண்டை இரண்டாம் முறை எடுத்து வைத்தாள்.

"நகந்துச்சு தம்பி. நீ உன் போன பார்த்துட்டிருந்த" என்றார் பெரோ.

"நான் போனே எடுக்கலையே!"

"அப்ப கண்ண பரிசோதன பண்ணு. வை, வை."

கோல்பி முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். டாம்சினுக்குக் காது மடல் எரிந்தது. சீட்டு போடுகிறவள் பட்டனில் கை வைப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். உரிமம் போகும், வேலை போகும். ஆனாலும் அடுத்த ஆட்டத்திலும் பட்டன் நகரவில்லை. ஊனா மூன்றாம் முறையும் கட்டினாள்.

அந்த ஆட்டமும் முடிந்ததும் கோல்பி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஹெஸ்டர்! இங்க கொஞ்சம் வாங்க."

ஹெஸ்டர் வந்து மேஜைத் தலைமாட்டில் நின்றாள். "டாம்சின், பட்டன் எங்க இருக்கணும்?"

பெரோ தன் வில்லைகளை உருட்டிக்கொண்டே, "இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு" என்றார்.

"உங்கள கேக்கல, பெரோ."

டாம்சின் பெரோவைப் பார்த்தாள். வாழ்நாளில் சீட்டு மேஜையில் பொய் சொல்லாத மனுஷன் என்று அவருக்கு ஊரில் பேர். தன்னால் அவர் பொய் சொல்லி நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. பட்டனை எடுத்து கோல்பியின் முன்னால் வைத்தாள்.

"இங்க இருக்கணும்ங்க. நான்தான் நகத்தல."

ஹெஸ்டர் அவளைப் பார்த்தாள். தொப்பியையும் பார்த்தாள். "சரி. அப்புறம் பேசிக்கலாம். ஆட்டத்த நடத்து" என்றாள். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

சின்ன பிளைண்ட் ஊனா. பெரிய பிளைண்ட் அப்பா. மிச்சமிருந்ததே ஒரு பிளைண்டுக்குத்தான். டாம்சின் அந்த வில்லைகளை இரண்டு விரலால் தள்ளி நடுவில் வைத்தாள். எல்லாருக்கும் போட்டு, தொப்பிக்கு முன்னாலும் இரண்டு சீட்டு போட்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தாள். கதவு திறக்கவில்லை.

"பொண்ணே" என்றாள் ஹெஸ்டர், மெதுவாக.

டாம்சின் அந்த இரண்டு சீட்டையும் மூடியபடியே இழுத்துக்கொண்டாள். ஊனா ஜெயித்தாள். வந்த வில்லைகளை அடுக்காமல் அப்படியே குவியலாக விட்டுவிட்டாள்.

"எடத்த காலி பண்ணிடு" என்றாள் ஹெஸ்டர்.

அதுவரை யாரும் அந்தத் தொப்பியைத் தொட்டிருக்கவில்லை. டாம்சின் அதைத் தூக்கினாள். அடியில் வீட்டுச் சாவி இருந்தது. அம்மா கட்டிவிட்ட சிவப்பு நூலோடு, அப்பாவின் சாவி.

பெரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோல்பி, "எனக்குத் தெரியாது... சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

டாம்சின் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். முப்பது வருஷம் ஆடிய மனுஷனுக்கு ஒரு குவியல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாதா? வில்லை இருக்கும் வரை மகள் நாற்காலியை விட்டு எழமாட்டாள், யாரும் தேடமாட்டார்கள் என்று தெரியாதா? அதனால்தான் நிறைய ஜெயிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் இரண்டு ஆட்டத்து நேரத்தை அவளே தன் கையால் கூட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் எத்தனை மைல் போயிருப்பார்? கிழக்கே பில்லிங்ஸ் பக்கமா, மேற்கே மிசௌலா பக்கமா? அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நான் வேற ஆள வைக்கறேன். நீ எழுந்துக்கோ" என்றாள் ஹெஸ்டர்.

"வேணாம்ங்க. எழுந்தா எங்க போறது?"



"ஆட்டம் முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வா கண்ணு" என்றார் பெரோ. "என் வீட்டுக்காரி சுடற இறைச்சி அடைச்ச பாஸ்டி கல்லு மாதிரி இருக்கும். ஆனா அடுப்பு எரியும்."

"எங்க வீட்லயும் விறகு இருக்கு" என்றாள் டாம்சின். சீட்டைக் கலைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஆட்டத்தில் பட்டன் ஊனாவிடம் போனது. பெரிய பிளைண்ட் பெரோ. சின்ன பிளைண்ட் கட்ட வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. அதற்கடுத்த ஆட்டத்தில் பட்டன் எங்கே போக வேண்டும் என்று அந்த மேஜையில் எல்லாருக்கும் தெரியும். எழுந்து போனவருடைய நாற்காலியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அங்கேயும் ஒரு ஆட்டம் நின்றுதான் போக வேண்டும். செத்த பட்டன் என்று அதற்குப் பேர்.

பெரோ பிளைண்ட் கட்டிய ஆட்டம் முடிந்ததும் டாம்சின் கையை நீட்டி, தொப்பி இருந்த இடத்தில் பட்டனை வைத்தாள். அந்த நாற்காலிக்கு இனிச் சீட்டு விழாது. மற்றவர்களுக்குப் போட ஆரம்பித்தாள். அந்த இடம் வந்தபோது கை பழக்கத்தில் ஒரு சீட்டை அங்கே வீசிவிட்டது.

ஊனா கையை நீட்டி, அந்தச் சீட்டை மூடியபடியே டாம்சின் பக்கம் நகர்த்தினாள்.