வேலிக்கு முதுகு

அந்தப் பந்தை அடித்தது நான்தான். பொலிஸிலும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே இங்கே மாற்றிச் சொல்ல வழியில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். எங்கள் விடிவெள்ளி விளையாட்டுக் கழகத்தின் மைதானம் திருகோணமலைத் துறைமுகப் பக்கமாக இருந்தது. கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருபது யார் தூரம் தள்ளிக் கடற்படையின் முட்கம்பி வேலி. அதற்கு அங்காலே பற்றை, பற்றைக்கு அங்காலே மண்மூட்டைக் காவலரண். நான் கழகத்தின் செயலாளர், அரச அலுவலகமான கச்சேரியில் காணிப் பிரிவு எழுதுவினைஞர், வயது நாற்பத்தாறு, எடை எண்பத்தேழு கிலோ. பயிற்சி முடிந்து பொடியள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என்ர காலத்தில் நான் பெனால்டி அடித்தால் எப்படியிருக்கும் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. யாரும் கேட்கவில்லை.

எங்கள் கோல்காப்பாளனுக்குப் பதிலாகக் கோலுக்குள் சிரித்துக்கொண்டு நின்றவன் பொனிபஸ் வஃபுலா. கென்யாக்காரன், இருபத்தொன்பது வயது, எங்கள் கழகம் முதன்முதலாகக் கொண்டுவந்த வெளிநாட்டு வீரன். பத்தொன்பது வயதில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, தார் எஸ் சலாமில் இரண்டு வருடம், ஓமானில் ஏழு வருடம், பிறகு கொழும்புக் கழகமொன்றில் விளையாடி, விளையாட்டுப் பருவத்தின் நடுவில் கழற்றிவிடப்பட்டவன். அடுத்த மாதம் மாலைதீவில் ஒரு கழகம் அவனைப் பரீட்சித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. அதுவரைக்கும் கால் துருப்பிடிக்காமல் இருக்கவென்று எங்களிடம் வந்தான். தங்கியது என் வீட்டு முன்னறையில். குணரத்தினம் என்ற என் பெயர் அவன் வாய்க்குள் நுழையவில்லை. ஊரெல்லாம் என்னை "செக்ரட்டரி" என்றும் "குணம் அண்ணை" என்றும் கூப்பிட, அவன் ஒருவன் மட்டும் "குணா" என்றான்.

நான் அடித்தேன். பந்து கோலுக்கு மேலால், வேலிக்கு மேலால், பற்றைக்குள் போய் விழுந்தது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலிக்கு அங்காலே போன பந்து கடற்படையின் பந்து. அதை எடுக்கப் போகக்கூடாது என்பது மட்டுமல்ல, அந்தப் பக்கம் பார்க்கவும் கூடாது. போன வருடம் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவனை, எதைப் பார்த்தாய் என்று நான்கு மணித்தியாலம் விசாரித்தார்கள். அன்றிலிருந்து பந்து வேலியைத் தாண்டினால், எல்லோரும் உடனே வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேற்குக் கோலடிக்கு நடந்துபோய், நகரத்தைப் பார்த்தபடி குந்திவிடுவோம். பிறகு செயலாளர் மூன்று பிரதியில் கடிதம் எழுதுவார். வெள்ளிக்கிழமை பிரதான வாயிலில் பந்து கிடைக்கும், அல்லது கிடைக்காது.

புதிதாக வருகிறவனுக்கு இதை முதல்நாளே சொல்வது செயலாளரின் வேலை. பொனிபஸ் வந்த முதல்நாள் நான் அவனுக்குக் கழகத்தின் வரலாற்றை முக்கால் மணித்தியாலம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

இன்னும் மோசம். நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் அவன் தன் கதை சொன்னான். சின்ன வயதில் அவர்கள் விளையாடிய வெளிக்குப் பக்கத்தில் ரயில் பெட்டிகள் நிற்கும் யார்டாம், சுற்றிவர மதிலாம், உள்ளே காவல் நாய்களாம். பந்து உள்ளே போனால், ஏறிக் குதித்து எடுத்து வருகிறவனுக்குத்தான் அணியில் இடமாம். அப்படித்தான் இவன் பந்தாட்டக்காரன் ஆனானாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி புஷ்பவதி இன்னொரு இடியப்பம் வைக்க, அவன் "ஓம்" என்றான். வந்த மறுநாளே அவன் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் அது. அப்படிச் சொன்னால் தட்டில் ஏதாவது விழும் என்று கண்டுபிடித்திருந்தான். அப்போதாவது என் மண்டையில் ஏதாவது தட்டியிருக்க வேண்டாமா? நானும் ஒரு இடியப்பம் போட்டுக்கொண்டேன்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை பதினான்கு பேரும் வேலிக்கு முதுகைக் காட்டினோம். நடந்தோம். பின்னால் யாரோ ஓடுகிற சத்தம். கம்பி அதிர்கிற சத்தம். எங்களோடு பொனிபஸ் இல்லை என்பது அப்போதுதான் என் முதுகுக்குத் தெரிந்தது. விசில் ஒலித்தது. சிங்களத்தில் ஒரு கத்தல். அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒரு துப்பாக்கி வெடி.

ஒருவரும் திரும்பவில்லை. என் முழங்கால்கள் தாங்களாகவே முன்னுக்குப் போயின. மேற்குக் கோலடியில் குந்தினேன். எங்கள் கோல்காப்பாளன் ஆனந்தராசா பக்கத்தில் குந்தியிருந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கிய புல்லை ஒழுங்காக ஒரு பக்கம் அடுக்கினான். ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொருவராக எழும்பி, சைக்கிளை எடுத்து, ஆளுக்கொரு பாதையால் போய்விட்டோம். பொனிபஸின் செருப்பு கிழக்குக் கோல் கம்பத்தடியில் கிடந்தது. அதை எடுக்க நான் போகவில்லை.

வீட்டில் புஷ்பவதி மூன்று கோப்பை வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கை பொனிபஸ்?"

"வருவான்."

"முகம் ஏன் இப்பிடி வேர்த்துக் கிடக்கு? இஞ்சருங்கோ, எங்கை அவன்?"

சொன்னேன். அவள் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"உயிரோடை இருக்கிறானோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

"பார்ப்பம்," என்றேன்.

கழகத் தலைவர் மஹ்ரூபுக்குத் தொலைபேசி எடுத்தேன். நகரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், என்னைவிடத் துணிச்சல்காரர். "போனில ஒண்டும் கதைக்காதீங்க செக்ரட்டரி. காலையில பார்ப்பம்," என்று வைத்துவிட்டார். அந்த யுத்த நாட்களில் எங்கள் பட்டினத்தில் எல்லாக் கேள்விக்கும் இருந்த ஒரே பதில் அந்தப் 'பார்ப்பம்'தான். அதை நாங்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டில் வெளியாள் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். பொனிபஸின் கடவுச்சீட்டையும், நிரப்பிக் கையெழுத்து வைத்த படிவத்தையும் பத்து நாட்களாக என் அலுவலகப் பையில் கொண்டுதிரிந்தேன். வரிசை நீளமென்று ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தேன். கச்சேரியில் சனங்களுக்குப் "படிவத்தை நேரகாலத்தோடு தரவேண்டும்" என்று புத்தி சொல்கிறவனும் இதே நான்தான். இப்போது அவன் பெயரில்லாத, பதிவில்லாத ஒரு கறுத்த மனிதன், கடற்படை வேலிக்குள். அவனைத் தேடிப் போனால் முதலில் மாட்டுவது நான். போகாவிட்டால் அவன் இருந்ததற்கே சாட்சி இல்லை.

புதன்கிழமை காலை ஆனந்தராசாவை அவன் வீட்டுப் படலையில் பிடித்தேன்.

"தம்பி, வெடிக்கு முன்னம் ஏதும் சத்தம் கேட்டதோ?"

"என்ன சத்தம்?"

"ஒரு குரல் மாதிரி."

அவன் படலையைப் பாதி சாத்தினான். "காத்து அண்ணை."

செவ்வாய்க்கிழமை காற்றே இல்லை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

இரும்புக்கடையில் மஹ்ரூபிடமும் கேட்டேன். அவரும் அன்றைக்கு மைதானத்தில் நின்றவர். "எனக்கு ஒரு காது மந்தம், ஒங்களுக்குத் தெரியும்தானே," என்றார். அவருக்குக் காது மந்தமென்று இருபது வருடத்தில் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"கடிதத்த எழுதுங்க செக்ரட்டரி. நானும் வாறன்," என்றார்.

எழுதினேன். பந்துக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தின் மாதிரி என்னிடம் மனப்பாடம். 'பந்து' என்ற இடமெல்லாம் 'வீரர்' என்று மாற்றி, மூன்று பிரதி எடுத்தேன்.

கடற்படை வாயிலில் நின்ற சிப்பாய்க்கு என்னைத் தெரியும். தூரத்தில் கண்டவுடனேயே கையைக் காட்டினான். "பந்து வெள்ளிக்கிழமைதானே," என்றான் சிங்களத்தில்.

"இது பந்து இல்லை, மாத்தயா," என்றேன்.

அவன் முகம் மாறியது. உள்ளே போனான். எங்களை வெயிலில் நிற்க வைத்தார்கள். மஹ்ரூப் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் கோணேசருக்கு நேர்த்தி வைக்க நினைத்து, என்ன வைப்பதென்று தெரியாமல், இனிப் பந்தையே தொடமாட்டேன் என்று வைத்தேன். அரை மணித்தியாலத்தில் இளம் அதிகாரி ஒருவர் வந்தார். கடிதத்தை நின்றபடியே வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்து, விரலை வைத்துக் காட்டினார்.

"இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். கடைசிப் பந்தியை மாற்ற மறந்துவிட்டேன். 'மேற்படி வீரரில் காற்று இறங்கியிருப்பினும், கிழிந்திருப்பினும், அந்த நிலையிலேயே பொறுப்பேற்க எமது கழகம் சம்மதிக்கிறது.'

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்திருக்கும், இடம் வேறாக இருந்தால். "பிழை, சேர்," என்றேன். "ஆனால் சம்மதம்தான்."

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "பொலிஸில் கேளுங்கள்," என்றார்.

"ஆள் இருக்கிறானா, சேர்?"

"பொலிஸில் கேளுங்கள்."

பொலிஸில் புதன் பின்னேரம் வரை வாங்கில் குந்தியிருந்தோம். நாளைக்கு வா என்றார்கள். வியாழன் முழுக்க இருந்தோம். பெரியவர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வா என்றார்கள். ஆள் உங்களிடம் இருக்கிறானா என்று நான் கேட்ட ஐந்து பேரில், இருவர் மேலே பார்த்தார்கள், இருவர் கீழே பார்த்தார்கள், ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். வீட்டில் புஷ்பவதி ஒவ்வொரு வேளையும் அவனுக்கும் சேர்த்துத் தட்டுக் கழுவி வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பொறுப்பதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் கடவுச்சீட்டையும் படிவத்தையும் வைத்தேன். அவர் படிவத்திலிருந்த திகதியைப் பார்த்தார், சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பத்து நாள்?"

"பதின்மூன்று, சேர்," என்றேன். பொய் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்.

வாக்குமூலம் எழுதத் தொடங்கினார்.

"பந்தை அடித்தது யார்?"

"நான்."

"எங்கே அடிக்க நினைத்தீர்?"

"கோலுக்குள், சேர்."

"கோல் எவ்வளவு அகலம்?"

"எட்டு யார்."

பேனையை நிறுத்தினார். "எவ்வளவு தூரத்திலிருந்து?"

"பன்னிரண்டு யார்."

என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதன்முறையாக என்மீது சந்தேகம் குறைந்ததை உணர்ந்தேன். இப்படியொருவனை எந்த இயக்கமும் சேர்க்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அவன் வேலி ஏறியதைப் பார்த்தீரா?"

"இல்லை. முதுகு காட்டி நின்றோம்."

"எல்லோருமா?"

"எல்லோரும்."

"ஏதாவது கேட்டதா?"

விசிலைச் சொன்னேன். கத்தலைச் சொன்னேன். வெடியைச் சொன்னேன்.

"வேறு?"

என் வாய் திறந்தது. "காற்று, சேர்," என்றேன். அவர் அதையும் எழுதினார். கீழே கையெழுத்து வைத்தேன்.

மதியம் தாண்டி ஒரு கதவு திறந்தது. பொனிபஸ் வந்தான்.

இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். வெடி மேலே போயிருக்கிறது, முட்கம்பி கெண்டைக்காலைக் கிழித்திருக்கிறது. ஏழு தையல். அவன் இடதுகாலால் அடிக்கிறவன். ஒரு கையில் ஒரு பொலித்தீன் பை, மற்றக் கையிடுக்கில் எங்கள் பந்து. பந்தை யார் அவனிடம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைதானே.

மஹ்ரூப் அவனைக் கட்டிப்பிடித்து, பிறகு முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்தினார். ஓட்டோ பிடித்து எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டார். பொனிபஸ் வெறுங்காலோடு வந்திருந்தான். என் செருப்பைக் கழற்றி அவன் காலடியில் தள்ளினேன். அது அவனுக்குப் பாதிப் பாதத்துக்குத்தான் காணும். அவன் போடவில்லை.

எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். என்னுடையது கடிதம் எழுதுகிற ஆங்கிலம். சாப்பாடு தந்தார்களா என்று கேட்டேன். தலையாட்டினான். அடித்தார்களா? வெளியே பார்த்தான். தையல் எப்போது வெட்டுவது, மாலைதீவுக்குப் போகலாமா? தோளை உயர்த்தினான். சோதனைச் சாவடியில் ஓட்டோ நின்றது. ஒரு சிப்பாய் குனிந்து அவனைப் பார்த்து, கடவுச்சீட்டைப் பார்த்து, மடியிலிருந்த பந்தைப் பார்த்து, போ என்றான். பொனிபஸின் விரல்கள் பந்தின் தோலுக்குள் புதைந்திருந்தன. சாவடி தாண்டி நெடுநேரமாகியும் அவன் பிடி தளரவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியது. இன்னும் இரண்டு திருப்பத்தில் வீடு. வீட்டுக்குப் போனால் புஷ்பவதி இருப்பாள், சாப்பாடு இருக்கும், பிறகு ஒருபோதும் கேட்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

"பொனிபஸ்," என்றேன். "வெடிக்கு முதல். நீ என்னைக் கூப்பிட்டாயா?"

அவன் என் பக்கம் திரும்பினான். மூன்று நாட்களில் யாரும் என்னை அப்படி நேராகப் பார்க்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. கோபம் இருந்ததா என்று பார்த்தேன், தெரியவில்லை.

"ஓம்," என்றான். "மூன்று தரம்."