புகை எந்த ஊர்க் கணக்கில்

மார்ச் பன்னிரண்டாம் தேதி, மண்டலத் திட்டக் குழுவின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், நகரத்தின் கார்பன் உமிழ்வு ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக அறிவிக்கப்பட்டது.

எல்லோரோடும் சேர்ந்து அக்காவும் கைதட்டினாள். மண்டலப் புள்ளியியல் அதிகாரியான அவள்தான் அந்தக் கணக்கைப் போட்டவள். போடச் சொன்னவன் நகரத் திட்டப் பொறியாளரான அவளுடைய தம்பி.

நகரம் பெருகப் பெருக, அதற்கு வேண்டிய மின்சாரமும் சிமெண்டும் ஆற்றின் அக்கரையிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் அங்கே. அக்காவின் வீடும் அங்கே. கொடியில் காயும் துணியைக் கரித்தூள் போக உதறாமல் அங்கே யாரும் மடிப்பதில்லை. மின்சாரத்தைச் செலவழிக்கும் ஊரின் பேரில் உமிழ்வை எழுதுவதுதான் அதுவரை வழக்கம். போன கோடையில் வீட்டுக்குச் சாப்பிட வந்த தம்பி மெல்லப் பேச்செடுத்தான்.

"புகை எங்க கிளம்புதோ அந்த ஊர் பேர்லயே எழுதிடேன்க்கா. நகரத்து எண் குறைஞ்சா நிதி வரும். வந்ததும் முதல் வேலை உங்க ஊருக்கு ரயில்தான்."

"எங்க ஊர் மூஞ்சில கரியப் பூசிட்டு, ரயிலா?"

"ஏற்கெனவே கரிதானே. காகிதத்துல பூசினா வலிக்கவா போகுது?"

விடியுமுன் கிளம்பி ரெண்டு பஸ் மாறி நகரத்துக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்பும் அவள் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எழுதிடு. என் வீட்டு வாசல் என்ன நிறம்னு வெளிச்சத்துல பார்க்கணும் மச்சான்."

மூவரும் சிரித்தார்கள். இரண்டு முறைகளுமே உலகில் புழக்கத்தில் இருப்பவை, இதில் பொய் ஏதும் இல்லை என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கரைக்கான ரயில் தடம் விவாதத்துக்கு வந்தது. தம்பி எழுந்தான்.

"உமிழ்வு கூடுதலா இருக்கற ஊர்ல குடியேற்றத்தைக் கூட்டக் கூடாதுங்கறது நம்ம விதி. ரயில் போனா ஜனம் அங்க குவியும். தடத்தை வடக்க திருப்பிடலாம் சார்."

வடக்கே அவன் வரைந்த அடுக்குமாடிகள் பாதி எழும்பி நின்றன.

தலைவர் அக்காவைப் பார்த்தார். "அந்த ஊர் எண் சரிதானேம்மா?"

"எண் சரிதான் சார். எண்ணுற முறையத்தான் மாத்தினோம். பழைய முறையில அதுல பாதிக்கு மேல நகரத்தோடது."

"யார் மாத்தச் சொன்னது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அது மேடம் தனியா எடுத்த முடிவு சார்," என்றான். "எங்க துறை அதுல தலையிடல."

பிறந்ததிலிருந்து அக்கா என்றே கூப்பிட்ட வாய். அவள் முன்னாலிருந்த கோப்பை மூடிவைத்தாள்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் பின்னாலேயே வந்தான். "சபையில அப்படித்தான் பேச முடியும்க்கா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன், மாமாகிட்ட நானே சொல்றேன்."

"பஸ்ல வா," என்றாள் அவள்.

பிற்பகலில் வடக்குத் தடம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. இனி வரும் ஆண்டுகளிலும் உமிழ்வைப் புகை கிளம்பும் ஊரின் பேரிலேயே எழுதுவதென்று குழு முடிவு செய்தது.